நடிகையின் மூளை

அன்புள்ள ஆசிரியருக்கு,

சில மாதங்களாக ஜப்பானியப் படங்களை வரிசையாகப் பார்த்து வருகிறேன். மிசோகுச்சியின் 'தி லைஃப் ஆஃப் ஓஹரு', 'உகெட்சு', 'சான்ஷோ தி பெய்லிஃப்' மூன்றையும் ஒரே வாரத்தில் பார்த்தேன். பெரிய இயக்குநர்கள்தாம் நடிகர்களை உருவாக்குகிறார்கள் என்பது எனக்கு உறுதியாகிவிட்டது. ஓசு இல்லையென்றால் செட்சுகோ ஹாரா இல்லை. மிசோகுச்சி இல்லையென்றால் கினுயோ தனாகா இல்லை. குரோசவா இல்லையென்றால் மிஃபுனே இல்லை. ஓசு இறந்ததும் ஹாரா நடிப்பையே விட்டுவிட்டார் என்பதைவிட வேறென்ன சான்று வேண்டும்? என் கேள்வி இதுதான்: ஒரு நடிகர் ஒரே இயக்குநரை நம்பி நீண்ட காலம் அவருடன் இருப்பது நல்லதா, பலரிடம் பணியாற்றுவது நல்லதா? நான் குறும்படங்கள் எடுப்பவன். என் படங்களில் தொடர்ந்து நடித்த தோழி இப்போது தானே ஒரு படம் இயக்கப்போவதாகச் சொல்கிறார். ஒரு நல்ல நடிகை வீணாகிவிடுவாரோ என்று கவலையாக இருக்கிறது.

ரா., ஈரோடு

அன்புள்ள ரா.,

உங்கள் கேள்வி ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. நான் பதில் எழுத உட்கார்ந்தது அதற்காக அல்ல. கேள்விக்குப் பிறகு போகிற போக்கில் தோழியைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அந்த இரண்டு வரிகளுக்காக. கினுயோ தனாகா இயக்கிய படங்களை மறுபடியும் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. அவர் 6 படங்களை இயக்கியவர் என்பது தெரிந்திருந்தால் அந்த வரிகளை நீங்கள் எழுதியிருக்க மாட்டீர்கள் என்று நம்ப விரும்புகிறேன்.

ஒரே வாரத்தில் மூன்று மிசோகுச்சி படங்களைப் பார்க்கும் பசி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. அது உங்களிடம் இருப்பதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சியின் உரிமையில்தான் கொஞ்சம் கடுமையாகப் பேசப்போகிறேன்.

மிஃபுனேயை முதலில் முடித்துவிடுவோம். அவர் 1946இல் தோஹோ நிறுவனம் நடத்திய புதுமுகத் தேர்வின் வழியாக வந்தவர். 1947இல் அவர் நடித்த முதல் படத்தை இயக்கியவர் செங்கிச்சி தனிகுச்சி. குரோசவாவின் இயக்கத்தில் அவர் நடித்தது அதற்கு அடுத்த ஆண்டுதான். இருவரும் சேர்ந்து 16 படங்கள் செய்தார்கள். அவற்றால் மிஃபுனே அடைந்ததைவிடக் குரோசவா அடைந்தது குறைவல்ல. இதற்கு மேல் அதில் பேச எனக்கு ஒன்றுமில்லை.

ஹாராவைப் பற்றி நீங்கள் தரும் சான்று தேதியிலேயே இடறுகிறது. அவருடைய கடைசிப் படம் வெளிவந்தது 1962இல். ஓசு மறைந்தது 1963 டிசம்பரில். 1935இல் திரைக்கு வந்து, குரோசவாவின் படம் உட்படப் பல படங்களில் நடித்து, 14 ஆண்டு அனுபவத்துடன்தான் 'லேட் ஸ்பிரிங்' படத்துக்காக ஓசுவிடம் அவர் வந்து சேர்ந்தார். தமக்கு நடிப்பில் பெரிய விருப்பம் இருந்ததில்லை, குடும்பத்துக்காகவே நடித்தேன் என்று அவர் சொன்னபோது ஜப்பானியப் பத்திரிகைகளுக்குக் கோபம் வந்தது. பிறகு 2015இல் தமது 95ஆம் வயதில் மறையும் வரை கமகுராவில் நிருபர்களுக்கு முகம் காட்டாமல் வாழ்ந்தார். ஒரு பெண் ஒரு வேலையை விட்டால் அதற்குப் பின்னால் ஓர் ஆண் இருந்தே ஆக வேண்டும் என்ற கிசுகிசுப் பத்தியாளரின் புத்தி, உலகத் திரைப்படம் பார்க்கும் இளைஞருக்கு ஏன் வர வேண்டும்?

இனி தனாகா. 1909இல் ஷிமோனோசெகியில் பிறந்து, சிறு வயதிலேயே தந்தையை இழந்து, குடும்பம் நொடித்துப்போய் ஒசாகாவுக்கு வந்து, 'பிவா' என்ற நரம்பிசைக் கருவியை வாசித்து ஆடிப்பாடும் சிறுமியர் குழுவில் சேர்ந்தவர். 1924இல் ஷோச்சிகு நிறுவனத்தின் நடிகையானார். 1931இல் வந்த, ஜப்பானின் முதல் முழுமையான பேசும்படம் என்று சொல்லப்படும் படத்தில் மனைவியாக நடித்தவர் அவர்தான். 'கினுயோ' என்ற அவர் பெயரையே தலைப்பில் தாங்கிய படங்கள் வந்தன. ஓசுவும் கோஷோவும் ஷிமிசுவும் அவரை வைத்துப் படம் எடுத்தார்கள். 1938இல் வந்த 'ஐசென் கட்சுரா' நாட்டையே அழவைத்த வெற்றிப்படம். மிசோகுச்சி அவரை முதன்முதலாகத் தம் படத்தில் நடிக்கவைத்தது 1940இல். அதற்குள் அவர் 16 ஆண்டு நடிகை, நாட்டின் மிகப் பெரிய நட்சத்திரங்களில் ஒருவர். மிசோகுச்சி இல்லையென்றால் தனாகா இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். 1949 முடிவில் நல்லெண்ணப் பயணமாக அமெரிக்கா சென்ற தனாகா, திரும்பி வந்தபோது கறுப்புக் கண்ணாடியுடன் கூட்டத்தை நோக்கி முத்தங்களைப் பறக்கவிட்டார் என்பதற்காகப் பத்திரிகைகள் அவரைக் கிழித்துப் போட்டன. அவருக்கு வயதாகிவிட்டது, முடிந்துவிட்டார் என்று எழுதினார்கள். மிசோகுச்சியின் நிலைமையும் அந்த ஆண்டுகளில் பெருமைப்படத்தக்கதாக இல்லை. அப்படிப்பட்ட இருவர் சேர்ந்து எடுத்ததுதான் 1952இன் 'ஓஹரு'. அது வெனிஸில் பரிசு பெற்று, மிசோகுச்சியை உலகத்தின் முன் நிறுத்தியது. யார் யாரை உருவாக்கினார்கள் என்று இப்போது சொல்லுங்கள்.

அந்தப் படத்தை நான் முதன்முதலில் பார்த்தது ஒரு திரைப்படச் சங்கத்தின் திரையிடலில். படத்துக்கு முன் ஒருவர் மிசோகுச்சியின் நீண்ட காட்சித்துண்டுகளைப் பற்றி வெகுநேரம் பேசினார். கேமரா எப்படித் தாழ்கிறது, எப்படி விலகிச் செல்கிறது என்று கைகளால் காட்டினார். படம் முடிந்தபின், என் முன்வரிசையில் இருந்த வயதான பெண்மணி ஒருவர், "அந்த அம்மா யாரு, ஒரே ஆள்தானா சின்னப் பொண்ணாவும் கிழவியாவும் நடிச்சது?" என்று கேட்டார். பேச்சாளருக்குப் பெயர் தெரியவில்லை. சுற்றறிக்கையைப் புரட்டிப் பார்த்தார், அதிலும் இல்லை. நாற்பதைக் கடந்த ஒரு பெண், அரண்மனைத் தோழியிலிருந்து தெருவோர வேசி வரை இறங்கும் ஒரு முழு வாழ்க்கையைத் தோள்களின் சரிவிலும் நடையின் வேகத்திலும் மட்டுமே வேறுபடுத்திக் காட்டியிருக்கிறார்; அதைக் கண்டு கேட்டவர் அந்த அரங்கில் அந்தப் பெண்மணி ஒருவரே.

மிசோகுச்சியின் படப்பிடிப்பு முறையை அறிந்தால் உங்கள் 'உருவாக்கம்' இன்னும் கலகலத்துப் போகும். அவர் நடிகர்களுக்கு எதையும் நடித்துக் காட்டுவதில்லை. இப்படி நில், இப்படித் திரும்பு என்று சொல்வதில்லை. எதிரே நிற்பவருக்கு நீங்கள் எதிர்வினை ஆற்றுகிறீர்களா என்று மட்டும் கேட்பார். போதாது என்றால் மறுபடியும் செய்யச் சொல்வார், காரணம் சொல்லாமல் மறுபடியும், மறுபடியும். வேண்டியதைக் கண்டுபிடிப்பது நடிகரின் பொறுப்பு. குயவர் கை களிமண் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அங்கே களிமண்தான் தன்னைத் தானே வனைந்துகொண்டிருந்தது. ஒரு காட்சியின் உள்ளே உணர்ச்சி எந்த நொடியில் திரும்ப வேண்டும், கேமராவுக்கும் உடலுக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்க வேண்டும் என்பதையெல்லாம் இயக்குநர் வாயால் சொல்லாதபோது தானே அளந்து செய்பவருக்கு இருப்பது இயக்குநரின் அறிவு அல்லாமல் வேறென்ன?

இதை மற்றவர்கள் உணர்ந்திருந்தார்கள். 1953இல் தனாகா படம் இயக்க விரும்பியபோது, இயக்குநர் மிக்கியோ நருசே தம் படப்பிடிப்பில் அவரை உதவியாளராக வைத்துக்கொண்டார். முதல் படமான 'லவ் லெட்டர்'க்குத் திரைக்கதை எழுதிக் கொடுத்தவர் கெய்சுகே கினோஷிடா. நாடு திரும்பிவிட்ட அமெரிக்கச் சிப்பாய்களுக்கு ஜப்பானியப் பெண்கள் அனுப்பும் கடிதங்களை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்துப் பிழைக்கும் ஒரு முன்னாள் படைவீரன், தான் தேடி அலைந்த காதலியும் அப்படி ஒரு கடிதத்துக்காக வந்து நிற்பதைக் காண்கிறான். 1954 கான் விழாவின் போட்டிப் பிரிவில் அது திரையிடப்பட்டது. இரண்டாவது படமான 'தி மூன் ஹேஸ் ரைசன்'க்கான திரைக்கதை ஓசுவும் ரியோசுகே சைட்டோவும் எழுதியது. ஓசு தனாகாவுக்குத் துணை நின்றார்.

எதிர்த்தவர் மிசோகுச்சி. நிக்கட்சு நிறுவனத்துக்காகத் தனாகா அந்த இரண்டாவது படத்தை இயக்கவிருந்தபோது, இயக்குநர் சங்கத்தின் தலைவராக இருந்த மிசோகுச்சி முட்டுக்கட்டை போட்டார். இயக்குநராவதற்கான மூளை தனாகாவுக்கு இல்லை என்று அவர் சொன்னதாகத் திரை வரலாறுகள் பதிவு செய்திருக்கின்றன. ஆண்களால் விற்கப்பட்ட, கைவிடப்பட்ட, மிதிக்கப்பட்ட பெண்களைப் பற்றியே தம் வாழ்நாளின் சிறந்த படங்களை எடுத்தவர். அந்தப் பெண்களுக்கு முகமும் குரலும் தந்தவர் கேமராவுக்குப் பின்னால் வந்து நிற்கக் கேட்டபோது கதவைச் சாத்தினார். இருவரும் சேர்ந்து செய்த கடைசிப் படம் 1954இல் வந்தது. 1956இல் மிசோகுச்சி இறந்துவிட்டார்.

இதனால் 'சான்ஷோ' சிறிய படமாகிவிடாது. மிசோகுச்சியைக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமல்ல. அந்த வகை வீரத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. என்னை உறுத்துவது வேறு. தினமும் தன் கண்ணெதிரே, தன் படத்துக்காகவே வேலை செய்த ஓர் அறிவை அவர் அறிவென்று அடையாளம் காணவில்லை. அதைத் தன்னுடையது என்றே எண்ணிக்கொண்டார். உணர்வு நடிகையுடையது, சிந்தனை இயக்குநருடையது என்ற பாகப்பிரிவினை அவருக்கு இயற்கையானதாகத் தோன்றியது. உங்களுக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. இத்தனைக்கும் ஜப்பானின் முதல் பெண் இயக்குநர் மிசோகுச்சியின் உதவியாளராகவே தொழில் கற்றவர். தசுகோ சகானே என்ற அவர் 1936இல் ஒரு முழுநீளப் படம் எடுத்தார். பின்னர் மஞ்சூரியாவில் ஆவணப்படங்கள் எடுத்தார். போருக்குப் பின் நாடு திரும்பியபோது, பல்கலைக்கழகப் பட்டம் இல்லை என்ற காரணத்தால் இயக்கும் வாய்ப்பு மறுக்கப்பட்டு, படப்பிடிப்பில் காட்சிக் குறிப்பு எழுதும் வேலைக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. யாருடைய படப்பிடிப்பில்? மிசோகுச்சியின் படப்பிடிப்பில்தான்.

தனாகாவிடம் மூளை இருந்ததா என்பதை 1955இல் வந்த 'ஃபாரெவர் எ வுமன்' பார்த்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள். மார்பகப் புற்றுநோயால் அதற்கு முந்தைய ஆண்டு இளம் வயதில் இறந்துபோன கவிஞர் ஃபுமிகோ நகாஜோவின் வாழ்க்கை அது. திரைக்கதை எழுதியவர் சுமியே தனாகா என்ற பெண் எழுத்தாளர். அறுவைச் சிகிச்சை முடிந்த ஃபுமிகோ, தான் நேசித்து இறந்துபோன ஒருவரின் வீட்டுக்குப் போய், அவர் குளித்த தொட்டியில் குளிக்க வேண்டும் என்று அவர் மனைவியான தன் தோழியிடமே கேட்கிறாள். குளித்துக்கொண்டே பேசுகிறாள். தோழி எட்டிப் பார்த்துத் துணுக்குறுகிறாள். அந்தத் துணுக்குறலைத் தன் வெற்றியாகவும் தண்டனையாகவும் ஒருசேர ஏற்றுக்கொள்ளும் ஒரு பெண்ணின் முகத்தை, இரக்கம் கோராமல், காமத்தையும் மறைக்காமல் காட்டும் துணிவு, ஓசுவிடமோ நருசேயிடமோ நான் காணாதது. சாகப்போகிறவள் ஒரு நிருபரிடம் தன்னை அணைத்துக்கொள்ளக் கேட்கும் காட்சியையும் பாருங்கள். நடிகைக்குத் தன் உடலை மற்றவர்கள் எங்கிருந்து பார்க்கிறார்கள் என்பது முப்பது ஆண்டு வேலையில் தெரிந்துபோன விஷயம்; அந்தப் பார்வையை எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் அதே வேலையில் படித்ததுதான்.

அவர் கடைசியாக இயக்கியது 1962இல், மூன்று நடிகைகள் சேர்ந்து தொடங்கிய 'நின்ஜின் கிளப்' நிறுவனத்துக்காக. மூவரில் ஒருவரான இனேகோ அரிமாதான் நாயகி. 'லவ் லெட்டர்' படத்தின் நாயகி யோஷிகோ குகாவும் அந்த மூவரில் ஒருவர். பெரிய நிறுவனங்களின் ஒப்பந்தங்கள் நடிகைகளை எப்படிக் கட்டிப்போட்டன என்பதற்கும், அதிலிருந்து வெளியே வர அவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கும் அது தனிக்கதை.

சரி, நல்ல நடிகை வீணானாரா? 1953இல் இயக்கத் தொடங்கியவர் 1958இல் கினோஷிடாவின் நரயாமா படத்தில் மலையேறிச் சாகக் காத்திருக்கும் கிழவியாக நடித்தார். இயக்குவதை நிறுத்திப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1974இல் வெளிவந்த 'சண்டகான் நம்பர் 8' படத்தில், வெளிநாட்டு விபசார விடுதிக்கு விற்கப்பட்டுத் திரும்பி வந்த முதியவளாக நடித்தார். அதற்காக 1975 பெர்லின் விழாவில் சிறந்த நடிகைக்கான வெள்ளிக் கரடி பெற்றார். அந்தப் படத்தில் அவர் சோற்றுப் பானையின் முன் உட்காரும் விதத்தைப் பார்த்துவிட்டு, இயக்கம் அவர் நடிப்பைக் கெடுத்ததா என்று எனக்கு எழுதுங்கள்.

ஒரே இயக்குநரா, பலரா என்ற கேள்விக்கு: சோறு போடுகிற இடத்தில் வேலை செய்வார்கள், பிடித்தால் தொடர்வார்கள். இதில் கொள்கை ஒன்றுமில்லை. உங்கள் கேள்வியில் உண்மையாக இருப்பது, உங்கள் படத்தில் அடுத்து யார் நடிப்பார் என்ற பயம். அந்தப் பயம் இயல்பானது, அதற்காக உங்களைக் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் அதைத் தோழியின் எதிர்காலம் பற்றிய அக்கறையாக மாற்றி எழுதாதீர்கள். அவருடைய படத்தில் உதவி இயக்குநராக வேலை செய்ய உங்களுக்கு மனம் வருமென்றால் அவரிடம் கேளுங்கள். விளக்குப் பிடிக்கவும் ஆள் வேண்டியிருக்கும். திரைக்கதை எழுதி முடித்திருந்தால் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், படித்துவிட்டு அவருக்கே எழுதுகிறேன். அதைப் பற்றிய உங்கள் கருத்தை இணைக்க வேண்டாம்.