சூடானதும் நின்றுவிடும் பழைய கார்: பாகங்களை மாற்றிக்கொண்டே போகாமல் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

கேட்டவரின் வண்டி பழைய கார்புரேட்டர் வண்டி (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் பாகம்தான் கார்புரேட்டர்). கிளம்பி இருபது நிமிடம் ஓடிச் சூடானதும் நின்றுவிடுகிறது. அரை மணி ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிறது. பிளக், பெட்ரோல் பம்ப், காயில் (ஸ்பார்க்குக்கு உயர் வோல்ட் தரும் பாகம்) மூன்றையும் மாற்றியாயிற்று, பலன் இல்லை. பழைய வண்டியைப் பொழுதுபோக்காக நோண்டுகிறவர்கள் கோளாறை எப்படித்தான் பிடிக்கிறீர்கள் என்று கேட்கிறார்.

நானும் மாற்றித் தள்ளியவன்தான். என் வண்டிக்கு வந்த வியாதி வேறு. ஐட்லிங் அருமையாக இருக்கும். ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தாலும் நன்றாக இழுக்கும். நடுத்தர வேகத்தில், காலை லேசாக வைத்துச் சீராகப் போகும்போது மட்டும் மிஸ்ஸிங் அடிக்கும், அதாவது இடையிடையே ஸ்பார்க் தவறித் திணறும். பிளக் மாற்றினேன், பிளக் வயர் மாற்றினேன், கண்டென்சர் மாற்றினேன். கார்புரேட்டரை இரண்டு தடவை கழற்றி ஜெட்டுகளை ஊதிச் சுத்தம் செய்தேன். ஒவ்வொரு முறையும் முதல் இரண்டு கிலோமீட்டருக்கு “போய்விட்டது” என்று மனசு சொல்லும். மூன்றாவது கிலோமீட்டரில் திரும்ப வந்து நிற்கும்.

கடைசியில் ஒரு நாள் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, எப்போதெல்லாம் மிஸ்ஸிங் வருகிறது, எப்போதெல்லாம் வரவில்லை என்று ஒரு தாளில் எழுதினேன். எழுதி முடித்ததும் விஷயம் கண்ணுக்கு முன்னால் இருந்தது. ஐட்லிங்கில் இல்லை, முழு மிதியில் இல்லை, நடுவில் மட்டும். அந்த நடு நிலையில் மட்டும் வேலை செய்கிற பாகம் எது? ஸ்பார்க்கை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் வேக்குவம் அட்வான்ஸ், இன்ஜினின் உறிஞ்சலைக் கொண்டு ஸ்பார்க் நேரத்தை முன்தள்ளுகிற பாகம். அதற்கு வரும் ஹோஸ் என் கார்புரேட்டரில் த்ராட்டில் தட்டுக்கு (மிதிக்க மிதிக்கக் காற்று வழியைத் திறக்கும் தட்டு) சற்று மேலே இணைந்திருக்கிறது. தட்டு மூடியிருந்தால் அங்கே வேக்குவம் எட்டாது, முழுக்கத் திறந்தால் வேக்குவமே விழுந்துவிடும். லேசாகத் திறந்திருக்கும்போதுதான் வேக்குவம் அட்வான்ஸ் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் தட்டை இழுத்துத் திருப்பும் (காயில் கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்தான் பாயிண்ட்).

ஹோஸைக் கழற்றி, கார்புரேட்டர் பக்கத்தை ஒரு ஸ்க்ரூவால் அடைத்துவிட்டு ஓட்டினேன். மிஸ்ஸிங் சுத்தமாக இல்லை! உடனே புது வேக்குவம் யூனிட் வாங்கக் கிளம்பிவிட்டேன். நல்ல வேளை, வாங்கவில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, ஹோஸை வாயில் வைத்து உறிஞ்சிப் பார்த்தேன். தட்டு அழகாகத் திரும்பியது. நாக்கால் அடைத்தால் அப்படியே நின்றது. அப்படியென்றால் யூனிட்டில் ஓட்டை இல்லை. ஆனால் தட்டு திரும்பும்போது கூடவே ஒன்று இழுபட்டது: பாயிண்ட்டிலிருந்து வெளி டெர்மினலுக்குப் போகும் குட்டி வயர். விரல் நீளம்கூட இருக்காது. மேலே உள்ள துணி உறையில் ஒரு கீறல் கிடையாது. மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து இரு முனையிலும் தொட்டேன். பூஜ்யம், அதாவது இணைப்பு சரி. ஒரு கையில் மீட்டரின் ஒரு முள் (தொட்டு அளக்கும் முனை), மறு கையில் இன்னொரு முள், வாயில் ஹோஸ். உறிஞ்சினேன். மீட்டர் ‘இணைப்பு இல்லை’ என்று காட்டியது. விட்டேன், மறுபடியும் பூஜ்யம். உறைக்குள்ளேயே செம்புக் கம்பி அறுந்து, சும்மா இருக்கும்போது முனைகள் ஒட்டிக்கொண்டும், தட்டு இழுத்தால் பிரிந்தும் இருந்திருக்கிறது.

அதோடு முடியவில்லை. கையில் கிடந்த சாதாரண வயரை வெட்டிப் போட்டேன், மூன்றே வாரத்தில் அதுவும் அறுந்தது. அந்த இடத்தில் வளைந்து வளைந்து நிமிர வேண்டிய வேலை என்பதால், முடி போன்ற நுண்ணிய இழைகள் நிறைய உள்ள வயரைத்தான் போட வேண்டும். அதைப் போட்டபிறகு இன்றுவரை தொந்தரவு இல்லை.

அதற்குப் பிறகு எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். அளந்து பார்க்காமல் எதையும் மாற்றுவதில்லை, ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தொடுவேன். இரண்டை ஒன்றாக மாற்றினால் வண்டி சரியாகியும் எதனால் சரியானது என்று தெரியாது. பழைய வண்டியில் ஸ்கேனரைச் செருகிக் கோளாறுக் கோட் படிக்கும் வசதி கிடையாது. அமெரிக்காவிலேயே அந்த வசதியின் பொதுத் தரமான ஓபிடி-2 கட்டாயமானது 1996 மாடல்களிலிருந்துதான். ஆனால் எல்லாப் பாகமும் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். எனக்கு அதுதான் இதில் சுகமே.

பெரிய கருவிகள் தேவையில்லை. மல்டிமீட்டர், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), அப்புறம் ஒரு பல்பும் இரண்டு வயரும் சேர்ந்த டெஸ்ட் லாம்ப். மீட்டர் இருக்கும்போது லாம்ப் எதற்கு என்று நானும் சிரித்தேன். உள்ளே அரித்துப்போய்ப் பெயருக்கு மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் வயரில் மீட்டரை வைத்தால் 12 வோல்ட் ஜம்மென்று காட்டும், ஏனென்றால் மீட்டர் இழுக்கும் கரண்ட் மிகமிகக் குறைவு. அதே இடத்தில் ஹெட்லைட் பல்பு ஒன்றைத் தொட்டால் மங்கலாகத்தான் எரியும், இல்லையென்றால் எரியவே எரியாது. வயரின் வண்டவாளம் அதற்கு வேலை கொடுத்தால்தான் தெரியும். செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) சோம்பலாகச் சுற்றினால் எல்லோரும் பேட்டரியைத்தான் மாற்றுகிறார்கள். பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டினால், மீட்டரின் ஒரு முள்ளை பேட்டரியின் எர்த் முனையிலும் இன்னொன்றை இன்ஜின் இரும்பிலும் வைத்து, காயில் வயரைக் கழற்றிவிட்டு, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். ஒரு வோல்ட் காட்டினால் குற்றவாளி பேட்டரியின் எர்த் முனையை வண்டியோடு இணைக்கும், துருப்பிடித்த எர்த் பட்டை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தீரும் கோளாறு அது. (பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த், பார்த்துத் தொடுங்கள்.)

கார்புரேட்டரைக் கடைசியில் தொடுங்கள். திருகுவதற்கு ஸ்க்ரூ இருக்கிறதே என்று எல்லோர் கையும் முதலில் அங்கேதான் போகிறது. முதலில் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்), பிறகு பாயிண்ட் இடைவெளி, பிறகு டைமிங் (ஸ்பார்க் அடிக்கும் நேரம்), அதற்கும் பிறகுதான் கார்புரேட்டர். இடைவெளியையும் டைமிங்கையும் வரிசை மாற்றிச் செய்யாதீர்கள். இடைவெளி மாறினால் டைமிங்கும் சேர்ந்து மாறும்.

பழைய டீசல் லாரி கதை வேறு. ஃபில்டர் மாற்றியபின் கிளம்பவில்லை என்றால் பெரும்பாலும் டீசல் பாதையில் ஏர் பிடித்திருக்கும். ஃபில்டரின் ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, நுரை நின்று டீசல் மட்டும் வரும்வரை கைப்பம்பை அடிக்க வேண்டும். எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்க, ஓடும்போதே நாசிலுக்கு (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகம்) வரும் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துவார்கள். எதைத் தளர்த்தியும் இன்ஜின் சத்தம் மாறவில்லையோ, அதுதான் செத்த சிலிண்டர். நாசிலிலிருந்து பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், கையைத் தூர வையுங்கள். இன்னொன்று, ஜாக்கியை மட்டும் நம்பி எந்த வண்டிக்கு அடியிலும் படுக்காதீர்கள். ஸ்டாண்ட் வைத்து, ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

சரி, உங்கள் வண்டிக்கு வருகிறேன். சோதனையெல்லாம் வண்டி நின்ற இடத்திலேயே, ஆறுவதற்குள் நடக்க வேண்டும். வீட்டுக்கு இழுத்து வந்தால் அதற்குள் அது நல்ல பிள்ளையாகிவிடும். முதலில் டேங்க் மூடியைத் திறங்கள். ‘புஸ்’ என்று காற்று உள்ளே போய், ஓரிரு நிமிடத்தில் வண்டி கிளம்பினால் டேங்கின் காற்று வழி அடைத்திருக்கிறது. இல்லையென்றால் ஏர் ஃபில்டரைக் கழற்றி, இன்ஜின் ஆஃப் நிலையில் த்ராட்டிலைக் கையால் இழுத்தபடி கார்புரேட்டர் தொண்டைக்குள் பாருங்கள். ஆக்சிலரேட்டர் பம்ப் உள்ள கார்புரேட்டராக இருந்தால் பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். பீய்ச்சவில்லை என்றால் பெட்ரோல் பக்கம் தேடுங்கள்: பைப் சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் ஓடுகிறதா, அங்கேயே கொதித்து ஆவியாகிறதா என்று. பம்பின் மேல் ஈரத்துணி போட்டதும் கிளம்பினால் சந்தேகமே வேண்டாம்.

பெட்ரோல் இருக்கிறது, ஆனால் சூட்டில் ஸ்பார்க் இல்லை என்றால், நீங்கள் மாற்றிய புதுக் காயிலைத்தான் நான் முதலில் பார்ப்பேன். வயரைக் கழற்றிவிட்டு அதன் இரண்டு சின்ன டெர்மினல்களுக்கு இடையே அளந்து பாருங்கள். 3 ஓம் அளவில் இருந்தால் நேராக 12 வோல்ட் தாங்கும். 1.5 ஓம் காட்டினால் அது பேலஸ்ட் ரெசிஸ்டரோடு (கரண்டைக் குறைக்கும் தடை) சேர்த்துப் போட வேண்டிய காயில். ரெசிஸ்டர் இல்லாமல் போட்டால் இரண்டு மடங்கு கரண்ட் இழுத்து, தொட முடியாத அளவுக்குச் சூடாகி, இருபது நிமிடத்தில் படுத்துவிடும். பழைய காயிலைத் தூக்கிப் போட்டுவிடவில்லை என்றால் அதையும் ஒரு கை அளந்து, இரண்டு அளவையும் கமெண்ட்டில் போடுங்கள்.