திருகோணமலையில் ஓர்கிட்டுக்குக் குளிர்கால ஓய்வு கொடுத்தால் பூக்குமா?

டென்ட்ரோபியம் வகை ஓர்கிட் இரண்டு வருடமாகப் பூக்கவில்லை, மார்கழியில் தண்ணீரை நிறுத்தி ஓய்வு கொடுத்தால் பூக்குமாம், அதை இங்கே எப்படிச் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். மார்கழியில் திருகோணமலையில் தண்ணீரை யார் நிறுத்துவது? ஐப்பசியில் பிடிக்கிற மழை தை வரைக்கும் வந்து வந்து போகும். உவர்மலையில் எங்கள் முற்றத்துக் கல்லெல்லாம் அப்போது பாசி பிடித்து வழுக்கும்.

நானும் இதைச் செய்து பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டவன்தான். ஆரம்பத்தில், வாசித்ததை அப்படியே நம்பி, எல்லாச் சாடிகளையும் தாழ்வாரத்துக்குள் இழுத்து வைத்து ஆறு வாரம் ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டவில்லை. "வெளியில மழை கொட்டுது, உள்ளுக்குள்ள செடி காயுது, இதென்ன கூத்து?" என்று அம்மா கேட்டார். வண்டா ஓர்கிட்டின் வேர்கள், நனைந்தால் பச்சையாகவும் காய்ந்தால் வெள்ளியாகவும் மாறுகிற அந்தத் தடித்த வேர்கள், நூலாகச் சுருங்கிவிட்டன. பலனோப்சிஸ் ஓர்கிட்டின் இலை துவண்டு சாடி விளிம்பில் தொங்கியது. அவை இரண்டுக்கும் நீரைச் சேமித்து வைக்கும் தண்டு கிடையாது. பட்டினி போட்டால் பூக்காது, செத்துத்தான் போகும்.

இந்த ஓய்வுக் கதை பெரும்பாலும் டென்ட்ரோபியம் நோபிலே போன்ற இனங்களுக்கு உரியது. இமயமலை அடிவாரத்துச் செடி அது. அங்கே கோடையில் மழை, குளிர்காலத்தில் வறட்சி. செடி மழையில் தண்டை வளர்த்து, குளிர்ந்த காய்ந்த மாதங்களில் சும்மா இருந்து, பிறகு கணுக்கணுவாகப் பூக்கும். நமக்கோ எல்லாம் தலைகீழ். மழையும் மப்பும் ஆண்டு இறுதியில், வறட்சி கச்சான் காற்றோடு வைகாசிக்குப் பிறகு. மார்கழி இரவில்கூட இங்கே 24 பாகை செல்சியஸ் அளவில்தான் நிற்கும். நோபிலேக்கு இரவில் 10 முதல் 13 பாகை வேண்டும், அதுவும் நாலைந்து வாரம் தொடர்ந்து.

மலைநாட்டில் பூவோடு பார்த்து ஆசைப்பட்டு ஒரு நோபிலே வாங்கி வந்தேன். விற்றவர் இது இங்கே பூக்காது என்று சொல்லவே இல்லை. மூன்று வருடமும் கணுவில் மொட்டு போல ஏதோ புடைக்கும், நான் தினமும் போய்ப் பார்ப்பேன், பத்து நாளில் அது இரண்டு குட்டி இலையாக விரிந்து வேர் விடும். பூ வரவேண்டிய இடத்தில் குட்டி! கடைசியில் குளிரான மலைநாட்டில், நானுஓயாவில் இருக்கிற அக்காவிடம் கொடுத்தேன். அங்கே அத்தான் அதைக் கூரைக்குக் கீழே தொங்கவிட்டு மறந்தே போனார். அந்த மாசியிலேயே தண்டு முழுக்க ஊதாப்பூ.

ஆனால் உங்களிடம் இருப்பது பெரும்பாலும் நோபிலேயாக இருக்காது. திருகோணமலையில் விற்கிற டென்ட்ரோபியம் அநேகமாக, வட அவுஸ்திரேலியா, நியூகினி பக்கத்துச் சூட்டுக்குப் பழகிய இனங்களிலிருந்து வந்த கலப்பு. தண்டின் உச்சியிலிருந்து நீளமான பூங்கொத்து வந்தால் அதுதான். அதற்குக் குளிர் தேவையே இல்லை. இலை கரும்பச்சையாக இருக்கிறதா? அப்படியானால் மாமர நிழலில் வைத்திருக்கிறீர்கள். 50 வீத நிழல் வலைக்குக் கீழே கொண்டுவாருங்கள், இலை இளம்பச்சைக்கு வரட்டும். நைதரசன் கூடிய பசளையைக் கொட்டினாலும் இலைதான் வரும். வளர்கிற காலத்தில் நைதரசன், பொசுபரசு, பொட்டாசியம் மூன்றும் சம அளவில் உள்ள 20-20-20 பசளையை மிக ஐதாகக் கரைத்து வாரம் ஒருமுறை தெளித்தால் போதும். இலை உதிர்ந்த பழைய தண்டை அசிங்கமாக இருக்கிறதென்று வெட்டிவிடாதீர்கள். அதிலும் திரும்பப் பூக்கும்.

சரி, ஓய்வு என்று ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. புதுத்தண்டு வளர்ந்து பருத்து, கடைசி இலையும் விரிந்து முடிந்ததும் செடி கொஞ்சம் மூச்சு வாங்கும். அப்போது பசளையை நிறுத்தி, சாடிக்குள் இருக்கும் பொச்சும் கரியும் நன்றாகக் காய்ந்த பிறகு மட்டும் தண்ணீர் விடுங்கள். நாட்காட்டியைப் பார்க்க வேண்டாம், தண்டைப் பாருங்கள். அது மாரியில் வந்தால், ஓய்வு கொடுப்பது என்பது மழை படாத, வெளிச்சமும் காற்றும் உள்ள இடத்துக்கு மாற்றுவதுதான். தொடர்ந்து நனைந்தால் அடித்தண்டு கறுத்து அழுகும்.

குளிரை உணர்ந்து பூப்பவையும் இங்கே உண்டு. பலனோப்சிஸ் 28 பாகைக்கு மேல் நீடிக்கிற சூட்டில் இலை மட்டும் விடும், 25 அளவுக்கு இறங்கிச் சில வாரம் நின்றால் பூந்தண்டு தள்ளும். நம் மார்கழி, தை அந்த எல்லையில்தான் நிற்கிறது. என்னுடைய ஒன்று ஒரு வருடம் தள்ளும், ஒரு வருடம் ஏமாற்றும். தண்ணீரை மட்டும் நிறுத்தாதீர்கள், குருத்தில் மழைநீர் தேங்காமல் சாடியைக் கொஞ்சம் சரித்து வையுங்கள். புறா ஓர்கிட் இன்னும் வேடிக்கை. கொளுத்துகிற வெயிலில் திடீரென்று ஒரு மழை பெய்து ஐந்தாறு பாகை குறைந்தால், ஒன்பதாம் நாள் விடிய வெள்ளையாகப் பூத்திருக்கும். அக்கம்பக்கத்து வீடுகளில் இருப்பதும் அதே நாளில்தான். மறுநாள் வாடிவிடும்.

அப்புறம், கிணற்றுத் தண்ணீர். கடற்கரைப் பக்கத்துக் கிணறுகள் பல உவர். சாடி விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால், வேர் நுனி கருகியிருந்தால், முதலில் தண்ணீரை மாற்றுங்கள். மாரியில் கூரைத் தண்ணீரை பீப்பாயில் பிடித்து மூடி வைத்தால் கச்சான் காலத்தில் கொஞ்ச நாளைக்காவது கைகொடுக்கும். இலையின் நிறம் தெரிகிற மாதிரி ஒரு படம் போடுங்கள், வெளிச்சம் போதுமா என்று சொல்கிறேன்.