ஃபிட்டரா, ரோபாட்டிக்ஸா?

கேள்வி: என் மகன் பத்தாவது முடித்துவிட்டு, ஐடிஐயில் ஃபிட்டர் எடுக்கிறேன் என்கிறான். "அங்கேயே ரோபாட்டிக்ஸ் வந்திருக்கிறது, அதில் போடு" என்கிறான் என் தம்பி. ஃபிட்டர் வேலையை இனி மெஷினே பார்த்துவிடாதா?

– ஒரு தாய், விருதுநகர் மாவட்டம்

பதில்: மகன் விருப்பப்படியே விடுங்கள் அம்மா.

தம்பி சொல்வதும் பொய்யில்லை. டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 71 அரசு ஐடிஐகளைச் சுமார் 2,877 கோடி ரூபாயில் அரசு நவீனப்படுத்தியது. ரோபாட்டிக்ஸ், சிஎன்சி (கணினி இயக்கும் கடைசல் மெஷின்), மின்வாகனம் எல்லாம் அப்படி வந்தவைதான். ஆனால் ரோபாட்டிக்ஸ் ஓராண்டு டிரேடு (தொழிற்பிரிவு), ஃபிட்டர் 2 ஆண்டு. விஷயமே இதில்தான் இருக்கிறது. பத்தாவதுக்குப் பின் 2 ஆண்டு ஐடிஐ முடித்தவன் பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் ஆண்டு சேரலாம். டிப்ளமோ முடித்தால் பி.இ.யிலும் அப்படியே. தமிழ், ஆங்கிலத் தேர்வு எழுதித் தேறினால் பிளஸ் டூவுக்கு இணையான சான்றிதழும் உண்டு.

மெஷின் பயத்துக்கு வருவோம். ஃபிட்டர் பையன் ஆரம்பத்தில் இரும்புக் கட்டையை அரத்தால் ராவிக்கொண்டே இருப்பான். மூலமட்டத்தை (செங்கோணம் பார்க்கும் 'எல்' வடிவக் கருவி) வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இடுக்கில் ஒளி கசியக் கூடாது. கசிந்தால் மறுபடி ராவ வேண்டும். வீட்டில் வந்து புலம்புவான், விட்டுவிடாதீர்கள். ரோபோ நின்றுபோனால் திரையில் ஒரு பிழை எண் வரும், அவ்வளவுதான். கிளாம்ப் தளர்ந்ததா, சென்சார் விலகியதா, பேரிங் தேய்ந்ததா என்று தடவிப் பார்த்துச் சொல்ல அந்தப் பழகிய கை வேண்டும். ஒரே பாகத்தை நாள் முழுக்க எடுத்து வைக்கிற வேலைதான் முதலில் போகும். மெயின்டனன்ஸ் அவ்வளவு சீக்கிரம் போகாது. ரோபாட்டிக்ஸில் ஆசை இருந்தால் ஃபிட்டர் முடித்த பிறகு ஓராண்டு படிக்கட்டுமே.

செலவுக்குக் கவலை வேண்டாம். அரசு ஐடிஐயில் கல்விக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை. அரசுப் பள்ளியில் படித்தவன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் 1,000 ரூபாய்க்கும் விண்ணப்பியுங்கள்.

தனியார் ஐடிஐ என்றால் அந்த டிரேடுக்கு மத்திய அரசின் தொழிற்பயிற்சி அங்கீகாரம் (என்சிவிடி) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சில இடங்களில் போர்டு மட்டும்தான் பெரிதாக இருக்கும். எங்கே சேர்த்தாலும் பணிமனைக்குள் போய், லேத் ஓடுகிறதா, துணி போர்த்தி வைத்திருக்கிறார்களா என்று நேரில் பாருங்கள். போன வருஷப் பையன்கள் எந்தக் கம்பெனியில் அப்ரண்டிஸ் போனார்கள் என்று ஆசிரியரிடம் கேளுங்கள். கம்பெனி பெயர் சொல்லத் தடுமாறினால் அடுத்த ஐடிஐயைப் பாருங்கள்.