படத்துக்கு இசை: வாசகர் கேள்வி – பதில்

குறும்படம், ஆவணப்படம், விளம்பரம் ஆகியவற்றுக்கு இசையமைக்க விரும்புவோரின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே விஷயத்தைக் கேட்டிருந்த கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: வட இலங்கை சங்கீத சபையின் ஆசிரியர் தரம் முடித்திருக்கிறேன். கீபோர்டும் வாசிப்பேன். படத்துக்கு இசையமைக்கச் சென்னைக்குப் போய்த்தான் படிக்க வேண்டுமா?
– வாசகி, சுன்னாகம்

வேண்டாம், இங்கிருந்தே தொடங்கலாம். சுருதி, லயம், ராகம் எல்லாம் உங்களிடம் இருக்கின்றன. பழக வேண்டியவை இரண்டு.

முதலாவது, ஒரே நேரத்தில் பல குரல்களை எழுதுவது. டிரினிட்டி அல்லது ஏபிஆர்எஸ்எம் என்ற பிரித்தானிய இசைப் பரீட்சை அமைப்புகளின் தியரியில் ஐந்தாம் தரம் வரையுள்ள பாடங்களைப் படித்தால் அத்திவாரம் போட்டாயிற்று. பரீட்சை எழுதுவது உங்கள் விருப்பம். மியூஸ்ஸ்கோர் என்ற இலவச மென்பொருளில் வயலின், வியோலா, செலோ என மூன்று வரிகள் வைத்து எழுதிப் பழகுங்கள். கர்நாடக இசை படித்தவர்கள் பெரும்பாலும் ஓரிடத்தில்தான் சறுக்குவார்கள். தோடியின் காந்தாரம் போல அசைந்துகொண்டே இருக்கும் சுரத்துக்குக் கீழே கீபோர்டில் முழுக் கோர்ட் (ஒன்றாக ஒலிக்கும் பல சுரங்கள்) பிடித்தால், கோர்டிலுள்ள காந்தாரம் அசையாமல் நின்று பாடகரின் காந்தாரத்தோடு மோதும். சுரம் அசையும் இடத்தில் ஷட்ஜமும் பஞ்சமமும் மட்டும் போதும். சுரம் நிற்கும் இடத்தில் கோர்டை நிரப்பலாம்.

இரண்டாவது, படத்தின் நேரத்துக்குள் எழுதுவது. இதற்குக் கொஞ்சம் கணக்கு வேண்டும். நொடிக்கு 24 பிரேம் ஓடும் படத்தில் 1440ஐ டெம்போவால் (நிமிடத்துக்கு எத்தனை தாள அடி என்பதால்) வகுத்தால் ஓர் அடிக்கு எத்தனை பிரேம் என்பது வரும். டெம்போ 96 என்றால் 15 பிரேம், அதாவது 0.625 நொடி. கதவு 22.5ஆவது நொடியில் அடிபடுகிறது என்று வையுங்கள். அதற்குள் சரியாக 36 அடிகள் போய்விடும். நான்கு அடி கொண்ட பார் (தாளச் சுற்று) ஒன்பது முடிந்து, பத்தாவது பாரின் முதல் அடியில் கதவு விழும். அதே கதவு 24ஆவது நொடியில் என்றால் 38.4 அடி வரும், பொருந்தாது. டெம்போவை 95 ஆக்கினால் 38 அடி. ஒன்பது பாருக்குப் பிறகு இரண்டு அடி பார் ஒன்றைச் செருகினால் கதவு மீண்டும் முதல் அடியில் விழும். கேட்பவருக்கு இந்த மாற்றம் தெரியவே தெரியாது.

தெரிந்த குறும்பட இயக்குநர் ஒருவரிடம் இரண்டு நிமிடக் காட்சி ஒன்றை வாங்கி, அதற்கே மூன்று விதமாக இசை எழுதிப் பாருங்கள். ஒன்றில் மெட்டே இருக்கக் கூடாது. ஒன்றில் இசை காட்சியின் பாதியில்தான் தொடங்க வேண்டும். பாட்டுப் போடத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். எங்கே இசை வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவர்களைத்தான் இயக்குநர்கள் தேடுகிறார்கள்.

கேள்வி: குறைந்த செலவில் என்னென்ன வாங்கலாம்?
– வாசகர், கோண்டாவில்

எஸ்எஸ்டியும் 16 ஜிபி ராமும் உள்ள கணினி, காதை மூடும் நல்ல ஹெட்போன், இரண்டு வழி ஓடியோ இன்டர்பேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் கருவி), ஒரு கண்டென்சர் மைக், 49 கட்டை மிடி கீபோர்ட் (கணினியிலுள்ள ஒலிகளை வாசிக்க), யூபிஎஸ். வாங்கும் வரிசையும் இதுதான், ஆனால் யூபிஎஸ்ஸைக் கடைசிக்கு விடாமல் கணினியோடு சேர்த்தே வாங்குங்கள். பதிவின் நடுவில் கரண்ட் போனால் அந்த டேக்கோடு (அப்போது பதிந்த துண்டோடு) சில வேளை முழு புரொஜெக்ட் கோப்பும் போய்விடும். மென்பொருளுக்கு ரீப்பர் போதும். 60 நாள் பரீட்சித்துப் பார்க்கலாம், தனிநபர் உரிமம் 60 டொலர். படத்தை உள்ளே வைத்தே வேலை செய்யவும் விடும்.

ஸ்பீக்கர் பிறகு பார்க்கலாம். சீமெந்துச் சுவரும் டைல் தரையும் உள்ள அறையில் எவ்வளவு விலை கொடுத்த ஸ்பீக்கரும் பேஸை, அதாவது கீழ்க்குரல் ஒலியை, பொய்யாகத்தான் காட்டும். மைக் வேலையை இரவு பத்துக்கு மேல் வைத்தால் பாண் வண்டிப் பாட்டும் வராது. நல்லூர்த் திருவிழா 25 நாளும் கோயிலுக்குக் கிட்ட இருப்பவர்கள் மைக்கைத் தொடாமல் மிடி வேலையை முடித்துக்கொள்ளலாம்.

கேள்வி: 10 நிமிடக் குறும்படத்துக்கு இசை செய்து கொடுத்தேன். என் கணினியில் சரியாக இருந்தது, அவர்கள் சேர்த்தபோது படத்தோடு ஒட்டவில்லை. யாரில் பிழை?
– வாசகர், நெல்லியடி

எப்படி விலகுகிறது என்பதைப் பார்த்தாலே காரணம் பிடிபடும்.

தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே அளவு விலகினால் தொடக்கப் புள்ளிதான் பிழை. படத்தின் முதற் பிரேமுக்குச் சரியாக இரண்டு நொடி முன்னால், ஒரு பிரேம் நீளத்துக்கு 1 கிலோஹெர்ட்ஸ் 'பிப்' ஒலியை எடிட்டர் வைத்திருக்க வேண்டும். உங்கள் கோப்பிலும் அதே இடத்தில் அந்த ஒலி இருந்தால் இரண்டையும் பொருத்துவது ஒரு நிமிட வேலை.

போகப் போக விலகல் கூடி, சுருதியும் ஏறியோ இறங்கியோ கேட்டால் சாம்பிள் ரேட் (நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளந்து பதிகிறோம் என்பது) பிழை. படத்துக்கு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்பதே வழக்கம். 44.1இல் கொடுத்த கோப்பை மாற்றாமல் 48 ஆக ஓட்டினால் ஏறத்தாழ ஒன்றரை அரைச்சுரம் ஏறி, வேகமாக முடிந்துவிடும்.

சுருதி மாறாமல் விலகல் மட்டும் கூடினால் பிரேம் ரேட்டைப் பாருங்கள். 23.976க்கும் 24க்கும் இடையிலான குழப்பம் 10 நிமிடத்தில் 0.6 நொடி விலக்கும். உதடு அசைவில் அது நன்றாகத் தெரியும். 24இல் எடுத்த படத்தை வேகம் கூட்டி 25 ஆக்கி உங்களுக்குத் தந்திருந்தால், 10 நிமிடப் படம் உங்களிடம் 9 நிமிடம் 36 நொடியாக இருக்கும். ஆகவே வேலை தொடங்க முன்னமே எடிட்டரிடம் மொத்த நீளத்தைக் கேட்டு ஒப்பிடுங்கள்.

நான்காவது நிமிடம் வரை சரியாக இருந்து, அதன் பிறகு திடீரென்று ஒரே அளவில் விலகினால் உங்களில் பிழையே இல்லை. உங்களுக்குக் கோப்பைத் தந்த பிறகு படத்தை வெட்டியிருக்கிறார்கள். இங்கே அதிகம் நடப்பது இதுதான். படத்தின் மேல் டைம்கோட் (நிமிடம், நொடி, பிரேம் எண்) ஓடும் பிரதியைக் கேட்டு வாங்குங்கள், கோப்பின் பெயரில் திகதியும் பதிப்பு எண்ணும் இருக்கட்டும். கைபேசியில் எடுத்த காட்சிகள் என்றால் பிரேம் ரேட் நிலையாக இராது. நிலையான ரேட்டுக்கு மாற்றிய பிறகே வாங்குங்கள்.

கேள்வி: நாதஸ்வரமும் தவிலும் நேரடியாகப் பதிந்தேன். ஒலி கிழிகிறது, கீபோர்டோடு சுருதியும் சேரவில்லை.
– வாசகர், இணுவில்

இணுவிலில் இருந்துகொண்டு நாதஸ்வரத்தை சாம்பிளில் (கணினியிலுள்ள பதிந்த ஒலியில்) வாசிக்காமல் ஆளைக் கூப்பிட்டதே பாதி வெற்றி.

சுருதியை எழுதுவதற்கு முன்பே கேட்க வேண்டும். நாதஸ்வரம் பெரும்பாலும் இரண்டு அல்லது இரண்டரைக் கட்டையில் இருக்கும். மெட்டை நான்கு கட்டையில் எழுதிவிட்டு வித்துவானை மாற்றச் சொல்ல முடியாது. கீபோர்டை அவருடைய சுருதிக்குக் கொண்டுபோங்கள், தேவையானால் சென்ட் (அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு) கணக்கில் நுணுக்கமாகவும். ஹெட்போனில் அவருக்குக் கோர்ட்டுகள் வேண்டாம், தம்புராவும் தாளமும் மட்டும் விடுங்கள்.

கிழிவது கிட்ட வைத்ததால். கண்டென்சரை விட்டு டைனமிக் மைக்கை அனசுக்கு (நாதஸ்வரத்தின் விரிந்த அடிப்பகுதிக்கு) நேராக இல்லாமல் ஒன்றரை மீற்றர் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் வையுங்கள். மிக உரத்த சங்கதியை வாசிக்கச் சொல்லி, உச்சம் மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாதபடி கெயினை (பதிவாகும் ஒலியளவை) குறையுங்கள். சின்ன அறையில் வேண்டாம், கூரை உயர்ந்த மண்டபம் அல்லது திறந்த விறாந்தை நல்லது.

தவிலுக்கு இரண்டு மைக், குச்சி விழும் தொப்பிக்கு ஒன்று, கூடு போட்ட விரல்கள் விழும் வலந்தலைக்கு ஒன்று. இரண்டையும் சேர்த்துக் கேட்கும்போது அடிநாதம் மெலிந்தால் ஒரு தடத்தின் போலாரிட்டியை, அதாவது ஒலியலையின் மேல்–கீழ் திசையை, திருப்புங்கள், நாதம் திரும்பி வரும். இரண்டு வித்துவான்களையும் ஒரே அறையில் பதிந்தால் தவில் எல்லா மைக்கிலும் புகும். பின்னணி இசைக்கு அது பெரிய குறையில்லை. தனித்தனியே பதிந்தால் ஒருவரை ஒருவர் பார்த்து வாசிக்கும் விறுவிறுப்புப் போய்விடும்.

கேள்வி: வசனம் கேட்கவில்லை, இசையைக் குறை என்கிறார் இயக்குநர். குறைத்தால் இசையே இல்லை.
– வாசகர், மானிப்பாய்

ஒலியளவைக் குறைக்க முன் சுரங்களைக் குறையுங்கள். பேச்சின் மெய்யெழுத்துகள் தெளிவது 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் பகுதியில். அங்கேதான் வயலின் தனியும் புல்லாங்குழலின் மூச்சும் கீபோர்டின் கூர்மையும் வந்து உட்காருகின்றன. வசனத்தின் கீழ் நீண்ட சுரங்கள், செலோ போன்ற கீழ்க்குரல், வசனம் முடியும் இடைவெளியில் மட்டும் மெட்டு என்று எழுதுங்கள். பிறகு அந்தப் பகுதியில் 2–3 டெசிபல் வெட்டினால் போதும்.

ஒரே கலவையாகக் கொடுக்கவும் வேண்டாம். தாளம், பேஸ், தந்திகள், மெட்டு, குரல் எனத் தனித்தனி ஸ்டெம்களாக, எல்லாம் ஒரே இடத்தில் தொடங்கும்படி, லிமிட்டர் (உச்ச ஒலியை அமுக்கும் கருவி) போடாமல் கொடுங்கள். மெட்டு இடிக்கிறது என்றால் ஒலிக்கலவை செய்பவர் மெட்டை மட்டும் இறக்குவார்.

கேள்வி: பிரபல பாட்டின் ராகத்தில் மெட்டுப் போட்டால் உரிமைப் பிரச்சினை வருமா?
– வாசகர், சாவகச்சேரி

ராகம் யாருக்கும் சொந்தமில்லை, மெட்டு சொந்தம். இயக்குநர் தற்காலிகமாக ஒரு பாட்டை வைத்துத் தந்தால் அதன் வேகம், அடர்த்தி, எங்கே நுழைகிறது என்பவற்றை எடுத்துக்கொண்டு சுரவரிசையை விட்டுவிடுங்கள்.

கேள்வி: எவ்வளவு கேட்பது, எப்படி எழுதி வாங்குவது? படம் முடிந்த பிறகு காசு தராமல் இழுக்கிறார்கள்.
– வாசகர், பருத்தித்துறை

வாத்தியக்காரர், பாடகர், ஸ்டூடியோ மணித்தியாலம், கலவை ஆகிய செலவை முதலில் எழுதிக் கூட்டுங்கள். எதிர்பாராததற்கு 10 முதல் 15 வீதம் சேருங்கள். உங்கள் கூலி அதற்கு மேல், தனியாக. மொத்தமாக ஒரு தொகைக்கு ஒப்புக்கொண்டால் இயக்குநர் கடைசியில் கேட்கும் கோரஸ் உங்கள் கூலியிலிருந்துதான் போகும்.

40 வீதம் தொடக்கத்தில், 40 வீதம் மாதிரி இசையை ஏற்றுக்கொண்டதும், 20 வீதம் இறுதிக் கோப்புக்கு முன். கடைசித் தொகை வரும்வரை எம்பி3 பிரதி மட்டும் போகட்டும். எத்தனை நிமிட இசை, இலவசத் திருத்தம் எத்தனை முறை, எந்தத் திகதிக்குப் பிறகு படத்தை வெட்டினால் மேலதிகக் கூலி என்ற மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். இரண்டு திருத்தம் நியாயமானது.

இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிப்புரிமைக்குப் பதிவு தேவையில்லை. படைப்பாளியின் ஆயுளும் அதன் பின் 70 ஆண்டும் அது நீடிக்கும். ஆனால் படத்தோடு சேர்ந்த இசையைத் தயாரிப்பாளர் எங்கெங்கே பாவிக்கலாம், பாட்டை நீங்கள் தனியாக வெளியிடலாமா என்பதை ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் பிறகு வாய்த்தர்க்கம்தான் மிஞ்சும். இந்தியத் தயாரிப்பாளரின் படம் என்றால், அங்கே 2012இல் திருத்தப்பட்ட சட்டம் திரையரங்கு தவிர்ந்த பயன்பாடுகளில் இசையமைப்பாளரின் றோயல்டிப் பங்கைப் பாதுகாக்கிறது. அதை விட்டுக்கொடுப்பதாக எழுதியிருக்கும் வரியைக் கண்டால் கையெழுத்திட முன் கேளுங்கள்.

கேள்வி: வேலையை எங்கே தேடுவது?
– வாசகி, கிளிநொச்சி

முழு நீளப் படத்துக்குக் காத்திருக்க வேண்டாம். தொண்டு நிறுவன ஆவணப்படம், கடை விளம்பரம், கோயில் பக்திப் பாடல் இறுவெட்டு, புலம்பெயர்ந்தோரின் குறும்படம் என்பவைதான் மாதாந்தம் காசு தரும். கலியாண வீட்டு, சாமத்திய வீட்டு வீடியோ செய்பவர்கள் சினிமாப் பாட்டைப் போட்டு யூடியூப்பில் உரிமைக் கோரல் வாங்கித் தவிக்கிறார்கள். இரண்டு நிமிட வாத்திய இசை பத்தைச் செய்து, ஒவ்வொன்றையும் பல பேருக்குப் பாவனை உரிமையாக விற்கலாம். ஆனால் கடையில் வாங்கிய லூப் (திரும்பத் திரும்ப ஓடும் ஆயத்த இசைத் துண்டு) கலந்த இசையை, யூடியூப் உரிமையைக் கண்டுபிடிக்கும் கன்டென்ட் ஐடியில் பதியாதீர்கள். அதே லூப்பை வாங்கிய மற்றவரின் வீடியோவில் கோரல் விழும்.

இயக்குநர்களைச் சந்திக்க 2015இல் தொடங்கிய யாழ்ப்பாண சர்வதேச திரைப்பட விழா போன்ற இடங்களுக்குப் போங்கள். காட்டுவதற்கு மூன்று நிமிடத்துக்குள் ஒரு தொகுப்பு, 30–40 நொடித் துண்டுகள் நான்கு. ஒன்றிலாவது வசனம் ஓட வேண்டும். வசனத்தின் கீழ் எப்படி எழுதுகிறீர்கள் என்றுதான் முதலில் பார்ப்பார்கள். வெளிநாட்டுக் கூலி வங்கி வழியே வருவதென்றால் விலைப்பட்டியலில் உங்கள் வங்கியின் ஸ்விஃப்ட் குறியீட்டோடு, வங்கிக் கட்டணம் முழுவதும் அனுப்புபவருடையது என்ற வரியையும் சேருங்கள். இல்லாவிட்டால் சின்னத் தொகையில் ஒரு பகுதி வழியிலேயே கழிந்துவிடும்.