கான்ஃபெடரேட் சிப்பாயின் விதவை போட்ட பென்ஷன் மனுவை எங்கே தேடுவது, எப்படிப் படிப்பது?

உங்கள் கேள்வியின் சாரம் இது: மருமகளின் எள்ளுத்தாத்தா அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–65) ஜார்ஜியா ரெஜிமெண்ட் (படைப்பிரிவு) ஒன்றில், பிரிந்துபோன தென் மாநிலங்களின் கான்ஃபெடரேட் படைக்காக, அதாவது தெற்குப் படைக்காகச் சண்டை போட்டவர். போர் முடிந்து சில வருடங்களில் குடும்பத்தோடு டெக்சாஸுக்குப் போய்விட்டார். அவர் மனைவி பென்ஷன் வாங்கியதாக வீட்டில் பேச்சு உண்டு. வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்திலும் கேட்டாயிற்று, ஜார்ஜியாவிலும் கேட்டாயிற்று, இரண்டு இடத்திலும் இல்லை.

இரண்டு இடத்திலும் இருக்காது. மத்திய அரசு பென்ஷன் கொடுத்தது வடக்குப் படையினருக்கும் அவர்கள் விதவைகளுக்கும்தான். தோற்ற தரப்புக்குத் தென் மாநிலங்களே தங்கள் கஜானாவிலிருந்து கொடுத்தன. அதிலும் சிப்பாய் எந்த மாநிலத்துப் படையில் இருந்தார் என்பது கணக்கில்லை; மனு போடும்போது விதவை எந்த மாநிலத்தில் குடியிருந்தார் என்பதுதான் கணக்கு. ஜார்ஜியா ரெஜிமெண்டுக்காரரின் மனைவி டெக்சாஸில் இருந்தால் கோப்பு ஆஸ்டினில், டெக்சாஸ் மாநில நூலக ஆவணக் காப்பகத்தில் இருக்கும். போரில் தெற்கோடு சேராத கென்டக்கியும், அப்போது மாநிலமாகவே இல்லாத ஓக்லஹோமாவும்கூடக் கொடுத்திருக்கின்றன, அங்கே குடியிருந்தவர்களுக்கு.

அடுத்துப் பார்க்க வேண்டியது வருடம். விதவைகளுக்கு ஒவ்வொரு மாநிலமும் வெவ்வேறு காலத்தில்தான் கதவைத் திறந்தது. வட கரோலினா 1885, அலபாமா 1886, மிசிசிப்பியும் வர்ஜீனியாவும் 1888, ஃபுளோரிடா 1889, லூசியானா 1898, டெக்சாஸ் 1899, கென்டக்கி 1912, ஓக்லஹோமா 1915. டென்னசியில் வீரர்களுக்கு 1891-இலேயே வந்துவிட்டது, விதவைகளுக்கு 1905 வரை இல்லை. மிசூரி விதவைகளுக்குக் கொடுக்கவே இல்லை. ஆகவே நீங்கள் தேடும் பாட்டி, அந்த எள்ளுத்தாத்தாவின் மனைவி, 1899-க்கு முன்பே டெக்சாஸில் இறந்திருந்தால் தேடுவதில் பயனில்லை. அவர் எப்போது வரை உயிரோடு இருந்தார் என்பதை முதலில் 1900, 1910 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பார்த்துவிடுங்கள். 1910 கணக்கெடுப்பில் யார் உள்நாட்டுப் போர் வீரர் என்று தனிப் பத்தியே உண்டு. தெற்குத் தரைப்படை என்றால் சி.ஏ. என்று போட்டிருப்பார்கள். 1890-இல் எடுத்த முன்னாள் வீரர் பட்டியல் வடக்குக்காரர்களுக்கானது. ஆனாலும் கணக்கெடுக்கப் போனவர்கள் தவறுதலாகத் தெற்குக்காரர்களையும் எழுதிவிட்டு, பிறகு கோடு போட்டு அடித்திருப்பார்கள். அடித்தாலும் பெயரும் ரெஜிமெண்டும் படிக்கக் கிடைக்கும். டெக்சாஸ் பகுதி தப்பியிருக்கிறது, ஒரு தடவை பார்க்கலாம்.

மத்திய அரசு விஷயத்தில் இரண்டு விதிவிலக்குகள். 1958-இல் வந்த ஒரு சட்டம் அப்போது உயிரோடிருந்த தெற்கு விதவைகளுக்கும் மத்திய பென்ஷனை நீட்டியது. அது மிகச் சிலருக்கே பொருந்தும். இன்னொன்றுதான் முக்கியம்: ஆள் கட்சி மாறியிருந்தால்? சிறைப்பட்ட தெற்கு வீரர்களில் ஒரு கூட்டம் வடக்குக்கு விசுவாசப் பிரமாணம் செய்து மேற்கு எல்லைக் காவலுக்குச் சேர்ந்தது. வேறு சிலர் ஓடிப்போய் வடக்கு ரெஜிமெண்டில் சேர்ந்தார்கள். வட கரோலினாவைச் சேர்ந்த மோசஸ் டிரிப்லெட் அப்படி மாறியவர். அவர் மகள் ஐரீன் டிரிப்லெட் 2020-இல் இறக்கும் வரை மாதம் 73.13 டாலர் மத்திய பென்ஷன் வாங்கினார். உள்நாட்டுப் போர்க் கணக்கில் பென்ஷன் வாங்கிய கடைசி ஆள் அவர்தான். குடும்பக் கதையில் தாத்தா தெற்கு வீரர் என்றே இருந்தாலும், வாஷிங்டனில் வடக்குக் கோப்பு இருக்கிறதா என்று ஒரு முறை பார்ப்பது வீண் போகாது.

சரி, கோப்பு கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கணவருக்கும் தனிக் கோப்பு இருந்தால் பலர் அதை மட்டும் வாங்கிக்கொண்டு மனைவியுடையதை விட்டுவிடுகிறார்கள். என் கணிப்பில் விதவையின் மனுதான் கனமானது. கணவர் நிரூபிக்க வேண்டியது தன் சேவையையும் வறுமையையும். மனைவியோ அதோடு கல்யாணத்தையும், கணவர் இறந்ததையும், மறுமணம் ஆகாததையும் நிரூபிக்க வேண்டும். அந்தக் காலத் தெற்கில் இதற்கெல்லாம் காகிதம் கிடையாது. தென் கரோலினாவில் 1911 வரை திருமண உரிமச் சீட்டே இல்லை; இறப்புப் பதிவு 1915-இல்தான் தொடங்கியது. வட கரோலினாவில் இறப்புப் பதிவு 1913. இதற்குமேல் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) நீதிமன்றங்கள் எரிந்துபோன கதை வேறு. ஆகவே கல்யாணத்துக்கு வந்திருந்த ஒருவர், செத்த வீட்டுக்கு வந்திருந்த ஒருவர் என்று பிரமாண வாக்குமூலம் கொடுத்திருப்பார்கள். பல குடும்பங்களுக்குக் கல்யாணத் தேதி, மணம் செய்துவைத்த பாதிரியார் பெயர், பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயர் எல்லாம் எழுத்தில் இருப்பது இந்த ஒரே காகிதத்தில்தான்.

மனு அச்சடித்த படிவம். கவுண்டி அலுவலகத்தில் வாங்கி, கேள்வி கேள்வியாகப் பதில் எழுதி, சாட்சிகளைக் கூட்டிக்கொண்டு போய்க் கையெழுத்திட வேண்டும். பெரும்பாலும் இரண்டு சாட்சிகள். கணவரோடு அதே கம்பெனியில் (ரெஜிமெண்டின் உட்பிரிவு) இருந்தவர்களாக இருந்தால் உத்தமம். ஜார்ஜியாவில் 'ஆர்டினரி' என்ற கவுண்டி உயில் நீதிபதி கையில் போகும். டெக்சாஸில் கவுண்டி நீதிபதி சான்று கொடுத்து ஆஸ்டினுக்கு அனுப்புவார், அங்கே கம்ப்ட்ரோலர் (மாநிலக் கணக்கு அதிகாரி) அலுவலகம் முடிவு செய்யும். பல மனுக்களில் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி இருக்கும். குறிக்கு இடமும் வலமும் மேலும் கீழுமாக வேறொருவர் பெண்ணின் பெயரையும் 'இவரது குறி' என்பதையும் எழுதியிருப்பார். நம்மூர்க் கைநாட்டு மாதிரிதான். அப்படி இருந்தால், படிவத்தில் உள்ள வாசகம் எதுவும் அந்த அம்மாள் எழுதியதல்ல, கிளார்க் கேட்டு எழுதியது என்று புரிந்துகொள்ள வேண்டும். பெயர்களின் எழுத்துப்பிழையும் கிளார்க்குடையதே.

எந்தக் கேள்வி ஏன் கேட்கப்பட்டது என்று தெரியாமல் பதிலைப் படித்தால் ஏமாந்துவிடுவோம். 'கணவரின் படைப்பிரிவு எங்கே, எப்போது சரணடைந்தது? அவர் அப்போது உடனிருந்தாரா? இல்லையென்றால் எங்கே இருந்தார்?' என்பது கிட்டத்தட்ட எல்லா மாநிலப் படிவத்திலும் ஏதாவது ஒரு வடிவில் வரும். இது சரித்திர ஆர்வத்தில் கேட்டதல்ல. ஓடிப்போனவரா என்று பிடிப்பதற்கான தூண்டில். ஓடிப்போனவர் என்றால் மனைவிக்குக் காசு இல்லை. அதனால் 'நோய் விடுப்பில் வீட்டில் இருந்தார்', 'காயத்தோடு ஆஸ்பத்திரியில் இருந்தார்' என்ற பதில்கள் நிறைய வரும். பல உண்மை, சில அப்படியல்ல. குறிப்பாக மிசிசிப்பியில் உள்ள விக்ஸ்பர்க்கைக் கவனியுங்கள். 'விக்ஸ்பர்க்கில் சரணடைந்தார்' என்று எழுதியிருந்தால் அது 1863 ஜூலை 4. போர் முடிய இன்னும் இரண்டு வருடம் கிடக்கிறது. அங்கே பிடிபட்டவர்களை, இரு தரப்பும் கைதிகளை மாற்றிக்கொள்ளும் வரை சண்டை போடமாட்டோம் என்ற உறுதிமொழி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். கைதி மாற்று முடிந்ததும் படைக்குத் திரும்ப வேண்டும் என்பது ஏற்பாடு. பலர் திரும்பவே இல்லை. அப்படிப்பட்ட பதிலுக்குப் பிறகு 1864-ஐப் பற்றி மனு வாயே திறக்காவிட்டால் விஷயம் என்னவென்று நீங்களே ஊகிக்கலாம்.

ஒத்துப் பார்க்க ஒரு வழி உண்டு. தேசிய ஆவணக் காப்பகத்தில் பென்ஷன் இல்லையே தவிர, தெற்கு வீரர்களின் சேவைப் பதிவுகள் அங்கேதான் இருக்கின்றன. வடக்குப் படை கைப்பற்றிய வருகைப் பட்டியல்கள், ஆஸ்பத்திரிப் பதிவுகள், கைதிப் பட்டியல்கள் ஆகியவற்றிலிருந்து ஒவ்வொரு ஆளுக்கும் அட்டை அட்டையாக நகலெடுத்து உறையில் போட்டுவைத்திருக்கிறார்கள். ரெஜிமெண்ட் தெரிந்தால் எளிதில் எடுக்கலாம். இந்த வேலை 1903-இல் தொடங்கியது. அதற்கு முன்னால் போட்ட மனுக்களில் சாட்சிகளின் சொல்தான் ஆதாரம். பிற்பாடு மாநிலங்கள் வாஷிங்டனுக்கே கடிதம் போட்டுக் கேட்டன. அந்தப் பதில் கடிதம் கோப்பில் செருகியிருக்கும். அதில் 'இந்தப் பெயர் பட்டியலில் இல்லை' என்றிருந்தால் பதற வேண்டாம். தெற்குப் படையின் பிற்கால ஆவணங்கள், முக்கியமாக 1864 கடைசியும் 1865-உம், பெரிய அளவில் தொலைந்துபோனவை. இல்லை என்பது போகவே இல்லை என்று ஆகாது. கம்பெனியைக் குறிக்கும் எழுத்தும் ரெஜிமெண்ட் எண்ணும் மாறியிருப்பதும் சகஜம்: ஒரு வருட ஒப்பந்தத்தில் சேர்ந்த ரெஜிமெண்டுகள் 1862 வசந்தத்தில் திருத்தி அமைக்கப்பட்டன, கடைசிக் காலத்தில் உருக்குலைந்தவற்றை ஒன்றாக இணைத்தார்கள். விதவை ஒரு எண்ணைச் சொல்வார், அட்டை இன்னொன்றைச் சொல்லும், இரண்டும் சரியாக இருக்கும்.

சொத்துக் கேள்விகளையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. பெரும்பாலான மாநிலங்கள் ஆதரவற்றவர்களுக்கு மட்டுமே கொடுத்தன. வரம்புக்கு மேல் நிலமோ வருமானமோ இருந்தால் மனு தள்ளுபடி. பென்ஷனுக்காகவே சொத்தை யாருக்காவது மாற்றி எழுதிக் கொடுத்தாயா என்று டெக்சாஸ் படிவம் வெளிப்படையாகவே கேட்கும். மகன் பெயரில் நிலத்தை எழுதிவைத்தது மனுவுக்கு முந்திய வருடமா என்பதைக் கவுண்டியின் பத்திரப் பதிவில் பார்த்தால் தெரிந்துவிடும். 1919 முதல் தென் கரோலினா சில வருடங்கள் வசதி பார்க்காமல் எல்லோருக்கும் கொடுத்தது; அங்கே பழைய மனுக்கள் மிகக் குறைவாகவே தப்பியிருக்கின்றன, ஆகவே அதற்கு முந்தியவர்களின் பெயரைக் கம்ப்ட்ரோலரின் ஆண்டறிக்கைகளில்தான் பார்க்க முடியும்.

கல்யாணத் தேதிக்கும் வரம்பு இருந்தது. முதலில் போர்க்காலத்து மனைவிகளை நினைத்துத்தான் சட்டம் போட்டார்கள். பிறகு வரம்பைத் தள்ளிக்கொண்டே போனார்கள், ஏனென்றால் இரண்டாம் தாரமாக வந்தவர்களும் கேட்க ஆரம்பித்தார்கள். அலபாமாவின் அல்பர்ட்டா மார்ட்டின் 1927-இல் கல்யாணம் செய்தபோது மாப்பிள்ளைக்கு வயது 81, பெண்ணுக்கு 21. அவருக்கு மாநிலம் பென்ஷன் கொடுத்தது 1996-இல். ஆகவே பாட்டி இரண்டாம் மனைவி என்றால், மனு போட்ட வருடத்துச் சட்டத்தில் கல்யாண வரம்பு என்ன என்று பார்த்துவிட்டுத் தேதியைப் படியுங்கள். வரம்புக்குச் சில மாதம் முன்பாகவே கல்யாணம் அமைந்திருந்தால் கவுண்டிப் பதிவேட்டோடு ஒத்துப் பார்ப்பது நல்லது.

தேடும்போது சறுக்கும் இடங்கள் பெரும்பாலும் பெயரில்தான். விதவை தன் பெயரில் இருக்கலாம், கணவரின் முன்னெழுத்துகளோடு 'திருமதி' என்று இருக்கலாம், மறுமணம் செய்து மறுபடி விதவையாகி வேறு குடும்பப் பெயரில் இருக்கலாம். மூன்றிலும் தேடுங்கள். டெக்சாஸில் கணவருக்கு ஒரு எண், மனைவிக்கு வேறு எண் இருக்கக்கூடும். ஒப்புதல் ஆனவை, தள்ளுபடி ஆனவை இரண்டுக்கும் அட்டவணை உண்டு. தள்ளுபடியான கோப்பை ஒதுக்காதீர்கள்: அதில்தான் கடிதப் போக்குவரத்து அதிகம். டென்னசியில் எண்ணுக்கு முன் டபிள்யூ இருந்தால் விதவை, எஸ் இருந்தால் சிப்பாய். ஜார்ஜியா கோப்புகள் கவுண்டி வாரியாக அடுக்கப்பட்டவை, ஆகவே கவுண்டி மாறிக் குடிபோனவரை இரண்டு இடத்தில் பார்க்க வேண்டும். வட கரோலினாவில் 1885 சட்டத்துக்கு ஒரு வரிசை, 1901-க்குப் பின் வேறு வரிசை. வர்ஜீனியாவில் 1888, 1900, 1902 என்று மூன்று. ஒரே பெண் ஒன்றுக்கு மேற்பட்டதில் மனு போட்டிருக்கலாம், பதில்களும் ஒன்றுக்கொன்று மாறியிருக்கலாம். பல மாநிலங்களின் படங்கள் ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தேடல் தளத்தில் இலவசம். ஃபுளோரிடாவும் வர்ஜீனியாவும் தங்கள் தளத்திலேயே போட்டிருக்கின்றன.

உங்கள் விஷயத்தில், டெக்சாஸ் அட்டவணையில் பாட்டி பெயர் இல்லையென்றால் இன்னும் இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, பென்ஷன்தாரர் இறந்தபின் அடக்கச் செலவுக்காக டெக்சாஸ் கொடுத்த 'மார்ச்சுவரி வாரண்ட்' பதிவுகள். இறந்த தேதியும் செலவை வாங்கியவர் பெயரும் அதில் கிடைக்க வாய்ப்புண்டு. மற்றது, 1908-இல் ஆஸ்டினில் திறந்த தெற்குப் படைப் பெண்களுக்கான இல்லத்தின் பதிவுகள்.

தாத்தா போரிலேயே இறந்திருந்து, நீங்கள் தேடுவது அவருடைய முதல் மனைவி என்றால் வழி வேறு. போர்க்காலத்திலேயே கணவரின் நிலுவைச் சம்பளத்தைக் கேட்டு விதவைகள் தெற்குத் தரப்பின் தலைநகரான ரிச்மண்டில் மனு போட்டார்கள். அந்தப் பதிவேட்டிலிருந்து எடுத்த குறிப்பு சேவைப் பதிவு உறையிலேயே ஓர் அட்டையாக இருக்கும்: இறந்த வீரரின் கணக்கைத் தீர்க்கும்படி யார் கேட்டார், எந்தத் தேதியில் தாக்கலானது என்று. உறையைப் பிரிக்கும்போது முதல் அட்டையோடு நிறுத்திவிடாமல் கடைசி அட்டை வரை புரட்டுங்கள்.