மழை வந்தால் மட்டும் நாறும் கார்

கேள்வி: முல்லைத்தீவில் வசிக்கிறேன். சென்ற ஆண்டு ஒரு பழைய கொரோலா வாங்கினேன். முன்பு வைத்திருந்தவர் அதன் டிக்கியில் மீன் பெட்டி ஏற்றியிருக்கிறார். வெயில் காலத்தில் பொறுத்துக்கொள்ளலாம். மாரி தொடங்கியதும் உள்ளே இருக்க முடியவில்லை. ஏசி போட்டால் பின்சீற்றில் இருக்கும் பிள்ளைக்கு ஓங்காளம் வருகிறது. அப்பச்சோடா தூவினேன், வாசனைப் புட்டி தொங்கவிட்டேன், பலன் இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் பிள்ளை. அந்த நாற்றமே ஓங்காளத்துக்குப் போதுமானதுதான். ஆனாலும் பழைய காரில் இன்னொன்றையும் பார்த்துவிட வேண்டும். டிக்கி மூடியின் றப்பர் ஓரம் காய்ந்து வெடித்திருந்தாலோ, டிக்கித் தரையின் றப்பர் அடைப்பான்கள் கழன்று விழுந்திருந்தாலோ, சைலன்சர் புகை உள்ளே வரும். அதிலுள்ள காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு மணம் கிடையாது; தலையிடியும் ஓங்காளமும் அதன் தொடக்க அறிகுறிகள். ஒரு கடதாசித் துண்டை வைத்து டிக்கியை மூடி இழுத்துப் பாருங்கள். எந்த இடத்தில் இலகுவாக உருவி வருகிறதோ அந்த இடத்தில் றப்பர் பிடிக்கவில்லை. சுற்றிவர இப்படிப் பார்த்து, சைலன்சரில் ஓட்டை இருக்கிறதா என்று கராஜில் காட்டுங்கள். அதுவரை கண்ணாடிகளை மூடி, எஞ்சினை ஓடவிட்டபடி யாரும் உள்ளே காத்திருக்க வேண்டாம்.

இனி நாற்றம். மழைக்கு மட்டும் அது எழும்புவதற்குக் காரணம் உப்பு. மீன் பெட்டியிலிருந்து வடிந்த ஐஸ் தண்ணீரில் குருதியும் செதிலும் மட்டுமல்ல, கடல் உப்பும் கலந்திருக்கும். தண்ணீர் காய்ந்தாலும் உப்பு கார்ப்பெட்டில் தங்கிவிடும். வாடைக்காற்று ஈரத்தோடு வீசும் மாதங்களில் அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் கிடைத்ததும் பற்றீரியாக்கள் மறுபடி வேலையைத் தொடங்கும். ஆகவே உப்பைக் கழுவி வெளியேற்றாமல் எதைத் தூவினாலும் அடுத்த மாரியில் நாற்றம் திரும்பி வரும். அதே உப்பு தரைத் தகட்டையும் அரித்துக்கொண்டிருக்கும். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இன்றைய விலையில் வேறு வண்டி வாங்குவது எளிதல்ல. இருக்கும் வண்டியின் தரையைக் காப்பாற்றுவது நாற்றத்தைப் போக்குவதைவிடப் பெரிய காரியம்.

இந்த வேலையை மாரியில் தொடங்காதீர்கள். தை கழிந்து வெயில் ஏறட்டும். டிக்கியில் உள்ளதெல்லாவற்றையும், மேலதிகச் சில்லு உட்பட, வெளியே எடுங்கள். சில்லு இருந்த குழியில் தண்ணீர் தேங்கியிருந்தால், மீனோடு மழைநீரும் குற்றவாளி. பெரும்பாலும் பின்விளக்குகளைச் சுற்றியுள்ள றப்பர் வழியாகத்தான் அது வரும். பழைய பத்திரிகைத் தாள்களை விரித்து டிக்கியை மூடி, மேலே ஒருவர் தண்ணீர் ஊற்றட்டும். எந்தத் தாள் நனைந்திருக்கிறது என்று பார்த்தால் வழி தெரிந்துவிடும். அதை அடைக்காமல் கழுவுவது வீண் வேலை.

கார்ப்பெட்டுக்கு அடியில் தடித்த கம்பளி போன்ற ஒரு மெத்தை இருக்கும். மீன் தண்ணீர் குடித்த மெத்தையைக் காப்பாற்ற முயல வேண்டாம், வெட்டி எறிந்துவிடுங்கள். சீற் தைக்கும் கடைகளில் அதே தடிப்பில் புதியது வெட்டித் தருவார்கள். பின்சீற்றின் அடிப்பகுதியையும் தூக்கிப் பாருங்கள், டிக்கியில் வடிந்தது அங்கும் போயிருக்கும். முன்சீற்றைக் கழற்ற நேர்ந்து, அடியில் மஞ்சள் நிற இணைப்பு தென்பட்டால் அது காற்றுப்பை வயராக இருக்கக்கூடும். பெற்றியின் மறைமுனையை (− குறியுள்ள முனையை) கழற்றிச் சில நிமிடங்கள் விட்ட பிறகே அதில் கை வைக்க வேண்டும்.

கழுவுவதற்கு நல்ல தண்ணீர் வேண்டும். கரையோரக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் உவர். உப்பைப் போக்க உப்புத் தண்ணீர் ஊற்றிப் பயனில்லை. முதலில் சவர்க்காரத் தூளால் தேய்த்து அலசுங்கள். அதன் பிறகு வினாகிரியும் தண்ணீரும் சம அளவில் கலந்து ஊற்றி, அரை மணி நேரம் ஊறவிடுங்கள். அப்பச்சோடா ஏன் உதவவில்லை என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. மீன் நாற்றத்தின் முக்கிய காரணியான டிரைமெத்திலமைன் ஒரு காரம். அப்பச்சோடாவும் காரத்தன்மை உள்ளதே. காரத்தை அடக்க அமிலம் வேண்டும். மீன் வெட்டிய கைக்கு நாம் தேசிக்காய் தேய்ப்பதும் இதனால்தான். காரில் தேசிக்காய் வேண்டாம், சாறு ஒட்டி எறும்பைக் கூட்டிவரும். வினாகிரியை முதலில் மறைவான மூலையில் விட்டு நிறம் போகிறதா என்று பாருங்கள். பிறகு நன்றாக அலசிவிடுங்கள். வினாகிரி தங்கினால் தகடு துருப்பிடிக்கும்.

ஒரு எச்சரிக்கை. நாற்றம் போகவில்லை என்று அதே இடத்தில் குளோரின் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். வினாகிரியோடு அது சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும். காருக்குள் குனிந்து நிற்பவரின் முகத்துக்கு நேரே அது வரும்.

காய வைப்பதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். தொட்டால் காய்ந்தது போலிருக்கும் கார்ப்பெட்டின் அடியில் ஈரம் இருக்கும். கதவுகளைத் திறந்துவைத்து இரண்டு மூன்று நாள் வெயில் கொடுங்கள். இரவில் கண்டிப்பாக மூடுங்கள். வயலும் காடும் சூழ்ந்த நம் பக்கத்தில் திறந்த காருக்குள் எலி புகும், அதன் பின்னால் பாம்பும் வரலாம். எலிப் புழுக்கையோ மூத்திர ஈரமோ தென்பட்டால் கையுறை போட்டு, கிருமிநாசினி தெளித்து ஈரத்துணியால் துடையுங்கள். எலிக்காய்ச்சல் நமக்குப் புதிய நோய் அல்ல. தகட்டில் துருப் புள்ளிகள் இருந்தால் சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சு பூசிய பிறகே புதிய மெத்தையை விரியுங்கள்.

ஏசியில் வரும் நாற்றம் வேறு கதையாக இருக்கலாம். ஏசி போட்டுக் கால் மணி நேரத்தில் காரின் கீழே தண்ணீர் சொட்ட வேண்டும். சொட்டாவிட்டால் வடிகுழாய் அடைபட்டு, தண்ணீர் இடப்பக்க முன்சீற்றின் காலடிக்கு வரும். கிரவல் வீதிப் புழுதியே இதற்குப் போதும். குழாயைச் சுத்தம் செய்து, டாஷ்போர்டின் இடப்பக்கச் சிறு பெட்டிக்குப் பின்னால் காற்று வடிகட்டி இருந்தால் மாற்றுங்கள். பழைய மாடல்கள் சிலவற்றில் அது இருக்காது. இனிமேல் வீடு வர ஐந்து நிமிடம் இருக்கும்போதே ஏசியை நிறுத்தி, விசிறியை மட்டும் ஓடவிடுங்கள். உள்ளே குளிர்ந்த சுருள் காய்ந்துவிட்டால் பூஞ்சணம் வளர இடமில்லை. இவ்வளவுக்குப் பிறகும் ஏசிக் காற்று நாறினால் அந்தச் சுருளையே கழற்றிக் கழுவ வேண்டும். அதில் வாயு இருப்பதால் வீட்டில் முயல வேண்டாம், ஏசி வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள்.

எல்லாம் காய்ந்த பின் மிஞ்சும் மெல்லிய மணத்துக்கு, சிரட்டைக் கரியில் செய்த உயிர்ப்பூட்டிய கரியைத் துணிப்பையில் கட்டி டிக்கியில் வையுங்கள். வீட்டில் சுட்ட சாதாரணக் கரி அந்த அளவுக்கு இழுக்காது. வாசனைப் புட்டியை இன்றைக்கே கழற்றிவிடுங்கள். அது இருக்கும்வரை எந்த நாற்றம் போயிற்று, எது மிச்சம் இருக்கிறது என்று உங்கள் மூக்குக்குத் தெரியாது.