சப்பாத்தி பாதியிலேயே தாடை ஓய்ந்துவிடுகிறது, ஆனால் எல்லாம் நார்மல் என்கிறார்கள்!

கேள்வி: எனக்கு 41 வயது, பள்ளி ஆசிரியை. சில மாதங்களாக இரண்டாவது சப்பாத்தியைத் தொடும்போதே இரண்டு கன்னமும் கடுத்து, தாடை ஓய்ந்துபோகிறது. இடது காதுக்கு முன்னால் 'க்ளிக்' என்று சத்தமும் வருகிறது. பல் டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி அளந்தார், ஓபிஜி எக்ஸ்ரே எடுத்தார், எல்லாம் நார்மல், டென்ஷனைக் குறையுங்கள் என்று அனுப்பிவிட்டார். வலி பெரிதாக இல்லை, சோர்வுதான். இந்தச் சோர்வை அளந்து பார்க்க வழியே இல்லையா? பல்லை ராவி மட்டம் செய்தால் சரியாகிவிடும் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார், செய்துகொள்ளலாமா?

பதில்: வழி இருக்கிறது. உங்களுக்குச் செய்த இரண்டு சோதனைகளும் தப்பில்லை, ஆனால் நீங்கள் கேட்கும் கேள்விக்கு இரண்டிலுமே பதில் கிடையாது. வாய் 40 மில்லிமீட்டருக்கு மேல் திறக்கிறது என்றால் (உங்கள் கையின் மூன்று விரலைச் செங்குத்தாக வைத்தால் நுழையும்) மூட்டு பூட்டிக்கொள்ளவில்லை என்று அர்த்தம், அவ்வளவுதான். ஓபிஜி பல்லையும் எலும்பையும் காட்டும், மூட்டுக்குள் இருக்கும் குருத்துத் தட்டையோ தசையையோ காட்டாது. உங்களுக்கு ஓய்ந்துபோவது தசைதான் என்று படுகிறது. கன்னத்தில் கை வைத்துப் பல்லைக் கடியுங்கள், புடைத்துக்கொண்டு வருகிறதே அதுவும், நெற்றிப்பொட்டில் துடிப்பதும்தான் மெல்லுகிற வேலையில் பெரும்பகுதியைப் பார்க்கிற தசைகள். சில நிமிடம் வேலை வாங்கிய பிறகுதான் அதன் சோர்வு வெளியே வரும், நாற்காலியில் வாயைத் திறந்து மூடியதில் எப்படி வரும்?

முதலில் கேள்விகள். தாடை மூட்டுக் கோளாறுகளுக்கு 2014-இல் வெளியான சர்வதேச நோயறிதல் வரைமுறையோடு, தாடையின் அன்றாட வேலைகளைப் பற்றி 20 கேள்விகள் கொண்ட ஒரு படிவமும் பயன்படுத்தப்படுகிறது. மெல்லுவது, கொட்டாவி விடுவது, பேசுவது, சிரிப்பது என ஒவ்வொன்றுக்கும் போன ஒரு மாதத்தில் எவ்வளவு சிரமம் என்று 0 முதல் 10 வரை மதிப்பெண் போட வேண்டும். அதில் சாப்பாட்டுப் பகுதி கடின உணவில் தொடங்கி மெல்லவே தேவையில்லாத கூழ் வரை படிப்படியாக இறங்கும். அதில் இருப்பதெல்லாம் மேல்நாட்டுப் பண்டம் என்பதால் நான் பரோட்டா, முறுக்கு, மட்டன், சப்பாத்தி, இட்லி, குழைந்த தயிர்சாதம் என்று மாற்றிக் கேட்பேன், கூடவே அந்தப் படிவத்தில் இல்லாத இன்னொன்றையும்: முன்பு சாப்பிட்டு இப்போது விட்டுவிட்டது எதெல்லாம்? சீடை, கரும்பு, கடலை மிட்டாய் எல்லாவற்றையும் ஓசைப்படாமல் நிறுத்திவிட்டு, சப்பாத்தியைக் குருமாவில் ஊறவைத்துச் சாப்பிடுபவரிடம் "வலிக்கிறதா?" என்று கேட்டால் "பரவாயில்லை டாக்டர்" என்றுதான் சொல்வார். நீங்களே வலி பெரிதாக இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், எதைத் தவிர்க்கிறீர்கள் என்று எழுதவில்லை.

அப்புறம் தொட்டுப் பார்ப்பது. கன்னத் தசையில் சுமார் 1 கிலோ எடைக்கு விரலால் அழுத்த வேண்டும், அந்த அழுத்தம் கைக்குப் பழக ஒரு தராசில் விரலை அழுத்திப் பயிற்சி எடுத்துக்கொள்வதுண்டு. அழுத்தும்போது வலிக்கிறதா என்பதைவிட, "வழக்கமாக வரும் வலி இதேதானா?" என்பதுதான் முக்கியமான கேள்வி. யாருக்கும் அழுத்தினால் கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும். "ஆமாம், இதேதான்" என்று நோயாளி சொல்லும் இடம்தான் வேண்டியது.

மெல்லும் திறனைத் தனியாகச் சோதிக்கலாம். இரண்டு நிற சூயிங்கம்மை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து 20 தடவை மெல்லச் சொல்லி, எடுத்துத் தட்டையாக்கி நிறம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்ப்பது ஒரு முறை. நிலக்கடலையைக் குறிப்பிட்ட தடவை மென்று துப்பச் செய்து, துகளைச் சலித்துப் பார்ப்பது பழைய முறை. இதில் ஒரு சிக்கல் உண்டு. தாடைக் கோளாறு இருக்கும் பலர் இந்தச் சோதனையில் ஓரளவு நன்றாகவே செய்துவிடுவார்கள், ஏனென்றால் மெதுவாக, ஒரே பக்கமாக, பார்த்துப் பார்த்து மெல்லப் பழகியிருப்பார்கள். நன்றாக அரைக்க முடிகிறது, ஆனால் அரைப்பதற்குள் களைத்துப்போகிறார்கள், ஆகவே திறன் நார்மல் என்பதை வைத்துச் சோர்வு இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

சோர்வை அளக்க நேரம்தான் கருவி. சர்க்கரையில்லாத சூயிங்கம் ஒன்றை 6 நிமிடம் வரை வழக்கமான வேகத்தில் மெல்லுங்கள். ஒவ்வொரு நிமிடமும் 0 முதல் 10 வரை சோர்வுக்கு ஒரு மதிப்பெண், வலிக்கு ஒரு மதிப்பெண், இரண்டையும் கலக்காமல் தாளில் எழுதுங்கள். நிறுத்திய பிறகு எத்தனை நிமிடத்தில் பழைய நிலைக்கு வருகிறது என்பதையும் எழுதுங்கள், அதை யாரும் எழுதுவதே இல்லை, எனக்கு அதுதான் அதிகம் பயன்படும். ஆறு நிமிடம் மென்றால் நல்ல தாடையும் கொஞ்சம் களைக்கும், ஆனால் சீக்கிரம் தெளிந்துவிடும். வலி 5-ஐத் தாண்டினாலோ தாடை சிக்கினாலோ உடனே துப்பிவிடுங்கள், வீம்புக்கு முடிக்க வேண்டாம். காலையில் ஒரு நாள், பள்ளி விட்டு வந்து மாலையில் ஒரு நாள் செய்து பாருங்கள்.

மாலையில் மோசமாக இருந்தால் பெரும்பாலும் காரணம் பகலில் இருக்கிறது. நாள் முழுக்கப் பாடம் நடத்துகிறீர்கள், அதுவும் தாடைக்கு வேலைதான். அடுத்த முறை விடைத்தாள் திருத்தும்போது சிவப்புப் பேனாவை ஒரு நொடி நிறுத்திப் பற்கள் எங்கே இருக்கின்றன என்று கவனியுங்கள். உதடு மூடியிருக்கலாம், மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒன்றையொன்று தொடவே கூடாது. பலர் தங்களை அறியாமல் கடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்கள், வயலில் நாள் முழுக்க நாற்று நட்டவரை ராத்திரி நெல் குத்தச் சொன்ன மாதிரி, அந்தத் தசையிடம்தான் சப்பாத்தியைக் கொடுக்கிறோம்.

எல்லாத் தாடைச் சோர்வும் இந்த வகை இல்லை, அதனால் சிலவற்றை விலக்க வேண்டும். மெல்லும்போது போகப் போகத் தாடை பலமிழந்து, கீழ்த்தாடையைக் கையால் தாங்க வேண்டியிருக்கிறது, மாலையானால் இமை தொங்குகிறது, பொருள் இரண்டாகத் தெரிகிறது என்றால் அது மயஸ்தீனியா கிராவிஸ் என்ற, நரம்பின் கட்டளை தசைக்குச் சரியாகப் போய்ச் சேராத நோயாக இருக்கலாம், நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். 50 வயதுக்கு மேற்பட்டவருக்கு மென்றால் கடுப்பு, நிறுத்தினால் சரி, கூடவே புதிதாகத் தலைவலி, தலை சீவும்போது வலி என்றால் நெற்றிப்பொட்டு ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். நம் ஊரில் அதிகம் பார்ப்பதில்லை, ஆனால் தவறவிட்டால் பார்வை போய்விடும், அன்றைக்கே இஎஸ்ஆர், சிஆர்பி என்ற ரத்தச் சோதனைகளைப் பார்க்க வேண்டும். படியேறினால் தாடை வலிக்கிறது, மெல்லும்போது இல்லை என்றால் அது இதயக் கோளாறாக இருக்கலாம், பல் டாக்டரிடம் போகாதீர்கள், இசிஜி எடுங்கள். பாக்கு, குட்கா பழக்கத்தோடு காரம் எரிந்து வாயும் சுருங்கினால் அது வேறு கதை, வாயின் உள்தோல் இறுகும் நோய், அதையும் தள்ளிப்போடக் கூடாது. உங்கள் கடிதத்தில் இவை எதுவும் இல்லை.

வலியில்லாத 'க்ளிக்' சத்தத்துக்கு வைத்தியம் தேவையில்லை. சில வாரங்கள் மென்மையான உணவு, சின்னச் சின்னக் கவளம், கன்னத்தில் வெதுவெதுப்பான ஒத்தடம், கடிக்கும் பழக்கத்தைக் கவனித்து விடுவது, இதிலேயே பலருக்குக் குறையும். கஞ்சியாகவே குடித்துக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டாதீர்கள், தசை இன்னும் பலவீனமாகும். குறையவில்லை என்றால் எழுதி வைத்த தாளோடு ஒரு பல் மருத்துவக் கல்லூரியின் ஓரல் மெடிசின் (வாய் நோய்) பிரிவுக்குப் போங்கள். தாடைப் பயிற்சி, தேவைப்பட்டால் இரவில் போட்டுக் கழற்றும் ஸ்ப்ளின்ட் என்ற பல் உறை, வலிக்குக் குறுகிய கால மாத்திரை என்று அங்கே முடிவு செய்வார்கள். பல்லை ராவுவது வேண்டவே வேண்டாம். தசைச் சோர்வுக்கு அதனால் பலன் கிடைக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை, ராவிய எனாமல் திரும்ப வளரவும் செய்யாது.